மாதச் சம்பளம் போடுவது எப்படி: எந்தத் தொகையின் மேல் எந்த வீதம்?

இலங்கையில் தனியார் நிறுவனமொன்றின் சம்பளக் கணக்குக்கு நினைவில் வைத்திருக்க வேண்டிய வீதங்கள் அதிகமில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரின் பங்கு 3 வீதம். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. இவை ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும். அப்படியிருந்தும் சம்பளப் பட்டியல்களில் மாதந்தோறும் பிழை வருகிறது. அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், வீதம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வீதம் போட்ட தொகைதான் தவறாக இருக்கும்.

ஒரே ஊழியருக்கு, ஒரே மாதத்தில், மூன்று வேறு வேறு அடிப்படைத் தொகைகள் இருக்கின்றன. மேலதிக நேரத்தைக் கணக்கிட ஒரு தொகை, சேமலாப நிதிக்கு இன்னொரு தொகை, வருமான வரிக்கு மூன்றாவது தொகை. இந்த மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பதுதான் சம்பளக் கணக்கின் உயிர்நாடி. கீழே வரும் விளக்கம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் கடை, அலுவலக ஊழியர்களுக்கானது. அரச சேவைக்கு ஓய்வூதிய முறை தனி. தோட்டத்துறை உட்பட நாட்சம்பளத் தொழில்கள் பலவற்றுக்கு, தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைகளின் தீர்மானங்கள் தனி.

முதலில் வரவுப் பதிவேடு

கணிப்பானைத் தொடுவதற்கு முன் மூன்று விபரங்கள் கையில் இருக்க வேண்டும்: எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் சம்பளமற்ற விடுமுறை, எத்தனை மணித்தியாலம் மேலதிக வேலை. ஊழியர் வராத நாள் எல்லாம் சம்பளமற்ற நாள் அல்ல. வருட விடுமுறையும் அமைய விடுமுறையும் மீதமிருந்தால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. விடுமுறை தீர்ந்த பிறகு, அல்லது அனுமதியின்றி வராமல் இருந்தால் மட்டுமே நோ-பே. ஆகவே விடுமுறைப் பதிவேட்டைப் பார்க்காமல் கைரேகை இயந்திரத்தின் பட்டியலை மட்டும் வைத்துச் சம்பளத்தைக் கழிப்பது அநியாயமாக முடியும். இயந்திரம் சொல்வது அவர் வந்தாரா இல்லையா என்பதை மட்டும்தான்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் நிறைவேறியது. அதன்படி சாதாரண வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக, நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். ஐந்து நாள் எட்டு மணித்தியாலமும் சனிக்கிழமை ஐந்து மணித்தியாலமும் என்ற வழக்கம் இதிலிருந்துதான் வருகிறது. இதற்கு மேல் செய்த வேலைதான் ஓ.டி. அது வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. போயா நாளிலும் சட்ட விடுமுறை நாளிலும் செய்த வேலைக்கு விதிகள் வேறு. அவற்றைச் சாதாரண ஓ.டி.யோடு சேர்த்து எழுதிவிட்டால் பின்பு பிரித்தெடுக்க முடியாது. பதிவேட்டில் அவற்றுக்குத் தொடக்கத்திலேயே தனி நிரல் வேண்டும். நிறைவேற்றுத் தரத்திலும் முகாமைத்துவப் பதவியிலும் உள்ளவர்களுக்கு ஓ.டி. கணக்கு பொதுவாகப் பொருந்தாது.

சம்பளத்தின் பகுதிகள்

நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் என ஒரு தொகை இருக்கும். அதனோடு வாழ்க்கைச் செலவுப் படி, விசேட படி, சாப்பாட்டுப் படி, விற்பனைத் தரகு, வருகைக் கொடுப்பனவு எனப் பல தலைப்புகள் சேரும். 2005இலும் 2016இலும் வந்த வரவு செலவுத்திட்ட நிவாரணப் படிகள், மொத்தம் 3,500 ரூபா, நீண்ட காலம் தனி வரியாகவே இருந்தன. 2025இல் அவை அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டன. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா. பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்து ஓட்டும் இடங்களில், நிவாரணப் படி இன்னும் தனி வரியாகவும் அடிப்படைச் சம்பளம் 30,000க்குக் குறைவாகவும் கிடப்பதைக் காணலாம். உடனே திருத்த வேண்டிய விடயம் அது.

மற்றொரு வகைக் கொடுப்பனவு செலவு மீளளிப்பு. கம்பனி வேலையாகப் போய்ப் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் பேருந்துக் கட்டணமும் எரிபொருள் செலவும் சம்பளமே அல்ல. ஊழியர் தன் கைப்பணத்தைத் திரும்பப் பெறுகிறார், அவ்வளவுதான். அதைச் சம்பளச் சிட்டையின் கடைசியில், கழிவுகளெல்லாம் முடிந்த பிறகு தனியாகக் கூட்டுவது நல்லது. மாதாமாதம் பற்றுச்சீட்டு இல்லாமல் எல்லோருக்கும் ஒரே தொகையாகப் போகும் "போக்குவரத்துப் படி" அப்படியானதல்ல. அது பெயரளவில் மட்டுமே செலவு. வரிக் கணக்கில் அது வருமானம்.

30, 240, 200

நோ-பே நாள் ஒன்றின் பெறுமதி என்ன? கடை, அலுவலக ஊழியர்களுக்கு மாதச் சம்பளத்தின் முப்பதில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமைக்கும் போயாவுக்கும் சேர்த்தே மாதச் சம்பளம் கொடுபடுவதால் மாதத்தின் எல்லா நாளும் அந்த முப்பதுக்குள் அடங்கும். வேலை நாள்கள் 22 அல்லது 26 என்று எடுத்து வகுத்தால் ஒரு நாளின் கழிவு கூடிவிடும். 75,000 ரூபா சம்பளத்தில் முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,500 ரூபா. 22ஆல் வகுத்தால் 3,409 ரூபா. ஒரே நாள் லீவுக்கு 900 ரூபாவுக்கும் மேல் அதிகமாகக் கழிபடுகிறது.

ஓ.டி.க்கு ஒரு மணித்தியாலப் பெறுமதி மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து வருவது. 30 நாளை 8 மணித்தியாலத்தால் பெருக்கினால் 240. ஆகவே நோ-பே கணக்கும் ஓ.டி. கணக்கும் ஒரே தர்க்கத்தில் நிற்கின்றன. சம்பளச் சபைக்கு உட்பட்ட தொழில்களில் வழமையாக 200ஆல் வகுப்பார்கள். அது 25 நாளும் 8 மணித்தியாலமும் பெருக்கி வந்த எண். உங்கள் நிறுவனம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரியாமல் வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே நிறுவனத்தில் தொழிற்சாலைப் பிரிவுக்கு ஒன்றும் அலுவலகப் பிரிவுக்கு இன்னொன்றும் பொருந்தலாம்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வாழ்க்கைச் செலவுப் படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் 240ஆல் வகுப்பது. மற்றது, அந்த மாதம் நோ-பே இருந்தால், கழித்து மிஞ்சிய தொகையை 240ஆல் வகுப்பது. இரண்டு நாள் வராததால் அவருடைய மணித்தியாலத்தின் விலை குறைவதில்லை. ஓ.டி. எப்போதும் முழு மாதச் சம்பளத்திலிருந்துதான் கணக்கிடப்பட வேண்டும்.

மாத நடுவில் சேர்ந்தவருக்கும் விலகியவருக்கும் முப்பதால் வகுக்கும் முறையைக் கண்மூடிப் பயன்படுத்தினால் விசித்திரமான விடைகள் வரும். பெப்ரவரி 28ஆம் திகதி சேர்ந்தவர் ஒரு நாள்தான் வேலை செய்தார். வராத 27 நாளை முப்பதிலிருந்து கழித்தால் அவருக்கு மூன்று நாள் சம்பளம் போகும். ஜனவரி 31ஆம் திகதி சேர்ந்தவருக்கு வராத 30 நாளையும் கழித்தால் சம்பளம் பூச்சியம். ஆகவே பகுதி மாதத்துக்கு வராத நாளைக் கழிக்காமல், வேலையில் இருந்த நாள்களை எண்ணிக் கொடுப்பதே நேர்மையான வழி. எந்த முறையானாலும் அதை எழுத்தில் வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பிரயோகிக்க வேண்டும்.

சேமலாப நிதி: மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம்

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நிர்வாகம் தொழில் திணைக்களத்திடமும், பணத்தின் பொறுப்பு மத்திய வங்கியிடமும் இருக்கின்றன. ஊழியர் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதற்குத் தனிச் சபை உண்டு.

ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும். "நன்னடத்தைக் காலம் முடியட்டும், பிறகு போடுவோம்" என்று முதல் ஆறு மாதத்தை விட்டுவிடும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்பு தொடங்கும். தற்காலிக, பகுதிநேர, துண்டு வேலை, தரகு அடிப்படை ஊழியர்களுக்கும் இதுவே விதி. வீட்டு வேலையாட்கள், குடும்பத்தவர் மட்டும் வேலை செய்யும் வியாபாரம் போன்ற சில விலக்குகளே உண்டு.

வீதம் எந்தத் தொகையின் மேல்? அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, விசேட வாழ்க்கைப் படி, அவற்றை ஒத்த பிற படிகள், விடுமுறை நாள்களுக்கான சம்பளம், சாப்பாட்டுப் படி, தரகு ஆகியவை எல்லாம் உள்ளே வரும். மேலதிக நேரக் கொடுப்பனவு வெளியே. வருட இறுதி போனஸ் வெளியே. பற்றுச்சீட்டுக்கு எதிரான செலவு மீளளிப்பு வெளியே. பலர் கவனிக்காத ஒன்று: தொழில்தருநர் சமைத்த உணவு கொடுத்தால் அதன் காசுப் பெறுமதியும் உள்ளே சேரும். மதியச் சாப்பாடு கொடுக்கும் கடைகளிலும் உணவகங்களிலும் இந்தத் தொகை பெரும்பாலும் கணக்குக்கே வருவதில்லை.

நோ-பே கழித்த பின் மிஞ்சும் சம்பளத்தின் மேல்தான் பங்களிப்பு. ஓ.டி.க்கு முழுச் சம்பளம், சேமலாப நிதிக்கு உழைத்த சம்பளம். இந்த இரண்டு வரிகளைக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாலே பிழைகளில் பாதி குறையும்.

தொழில்தருநரின் 12 வீதமும் 3 வீதமும் சம்பளத்துக்கு மேலதிகமாக அவர் தன் பணத்தில் கட்ட வேண்டியவை. அவற்றைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. ஊழியரிடமே 20 வீதத்தையும் பிடித்துக்கொண்டு "ஈபிஎஃப் கட்டுகிறோம்" என்பது சட்டவிரோதம். சம்பளச் சிட்டையில் ஊழியரின் கழிவாக 8 வீதம் மட்டுமே தெரிய வேண்டும். தொழில்தருநரின் பங்கைத் தகவலுக்காகக் கீழே தனியாகக் காட்டலாம், காட்டுவதே நல்லது.

ஒரு மாதச் சம்பளம், முழுமையாக

அடிப்படைச் சம்பளம் 60,000, நிலையான வாழ்க்கைச் செலவுப் படி 15,000. மொத்த மாதச் சம்பளம் 75,000. அந்த மாதம் இரண்டு நாள் நோ-பே, 16 மணித்தியாலம் ஓ.டி., பற்றுச்சீட்டோடு போக்குவரத்துச் செலவு 4,500, ஏற்கெனவே வாங்கிய முற்பணம் 10,000.

நோ-பே: 75,000ஐ 30ஆல் வகுத்தால் 2,500. இரண்டு நாளுக்கு 5,000.
உழைத்த சம்பளம்: 70,000.
ஓ.டி.: 75,000ஐ 240ஆல் வகுத்தால் 312.50. ஒன்றரை மடங்கு 468.75. 16 மணித்தியாலத்துக்கு 7,500.
மொத்த உழைப்பு வருமானம்: 77,500.

சேமலாப நிதிக்கான தொகை 70,000. ஊழியரின் 8 வீதம் 5,600. தொழில்தருநரின் 12 வீதம் 8,400. நம்பிக்கை நிதி 3 வீதம் 2,100.

வருமான வரி இல்லை. அது ஏன் என்பது அடுத்த பகுதியில். 25,000 ரூபாவைத் தாண்டிய சம்பளப் பற்றுச்சீட்டுக்கு முத்திரைத் தீர்வை 25 ரூபா.

கழிவுகள்: 5,600, முற்பணம் 10,000, முத்திரை 25. மொத்தம் 15,625.
தேறிய சம்பளம்: 61,875.
போக்குவரத்து மீளளிப்பு 4,500ஐயும் கூட்டினால் வங்கிக்குப் போவது 66,375 ரூபா.

தொழில்தருநருக்கு இந்த மாதம் இந்த ஊழியருக்கான செலவு 77,500, 8,400, 2,100, 4,500 எல்லாம் சேர்ந்து 92,500. ஊழியரின் கைக்குப் போவதற்கும் நிறுவனம் செலவழிப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை, புதிதாக ஆள் எடுக்கும் சிறு முதலாளிகள் முன்கூட்டியே கணக்கில் எடுப்பதில்லை.

இதே கணக்கில் பிழைகள் எப்படித் தோன்றும் என்று பாருங்கள். மொத்த வருமானமான 77,500இன் மேல் 8 வீதம் போட்டால் 6,200 கழியும். 600 ரூபா அதிகம். நோ-பேயைக் கழிக்காமல் 75,000இன் மேல் போட்டால் 6,000. 400 ரூபா அதிகம். அடிப்படைச் சம்பளம் 60,000இன் மேல் மட்டும் போட்டால் 4,800. இது ஊழியருக்கு இலாபம் போல் தெரியும், கைக்கு 800 ரூபா கூட வருகிறதே. உண்மையில் மூன்றிலும் மிக மோசமானது இதுதான்.

ஏனென்று ஒரு முழு மாதத்தில் கணக்கிடுவோம். 15,000 ரூபாப் படியை வெளியே விட்டால், தொழில்தருநரின் 12 வீதமும் 3 வீதமும் சேர்ந்து மாதம் 2,250 ரூபா கட்டப்படாமல் போகிறது. பத்து வருடத்தில் 120 மாதம். 270,000 ரூபா, வட்டியைச் சேர்க்காமலே. ஊழியரின் சொந்த 8 வீதமாவது அவர் கையில் கிடைத்துச் செலவாகியிருக்கும். இந்த 270,000 அவர் கண்ணிலேயே படாத பணம். சம்பளத்தைச் சிறிய அடிப்படையாகவும் பெரிய படிகளாகவும் உடைத்து எழுதும் வழக்கம் எங்கிருந்தாலும் நட்டப்படுவது ஊழியரின் முதுமைக்காலம். தொழில் திணைக்களம் பரிசோதனைக்கு வந்தால் தொழில்தருநரும் தப்ப முடியாது. பழைய மாதங்களுக்கும் சேர்த்து நிலுவையும் மிகைக்கட்டணமும் கட்ட நேரும்.

சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஊழியர் பங்கு, தொழில்தருநர் பங்கு, நம்பிக்கை நிதி மூன்றும் எப்போதும் 8, 12, 3 என்ற விகிதத்தில் நிற்க வேண்டும். 5,600, 8,400, 2,100 அப்படி நிற்கின்றன. முழு நிறுவனத்தின் கூட்டுத்தொகைகளுக்கும் இதே விகிதம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒருவருக்கு இரண்டு நிதிகளுக்கும் இரண்டு வேறு அடிப்படைகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. சில்லறை ரூபா வித்தியாசம் மட்டுமென்றால் அது முழு எண்ணாக்கியதால் வந்தது.

வருமான வரி

முற்பணத் தனிநபர் வருமான வரியைத் தொழில்தருநரே மாதாமாதம் சம்பளத்தில் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம், அதாவது மாதம் 150,000 வரை வரியில்லை. அதற்கு மேல் வருடத்தின் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்தடுத்த ஐந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம். மிகுதிக்கு 36 வீதம்.

வரிக்கான அடிப்படை மிக அகலமானது. ஓ.டி., படிகள், போனஸ், கம்பனி கொடுத்த வாகனம், வீடு போன்ற சலுகைகளின் பெறுமதி எல்லாம் உள்ளே வரும். சேமலாப நிதிக்கு வெளியே நின்ற ஓ.டி. இங்கே உள்ளே வருவதைக் கவனியுங்கள். தொழில்தருநர் கட்டும் 12 வீதமும் 3 வீதமும் ஊழியரின் வரி வருமானத்தில் சேராது. ஆனால் ஊழியரின் 8 வீதத்தை வரி வருமானத்திலிருந்து கழிக்கவும் முடியாது. இந்தியச் சம்பளக் கணக்கைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மாதம் 280,000 ரூபா பெறும் முகாமையாளர் ஒருவரை எடுப்போம். முதல் 150,000க்கு வரியில்லை. அடுத்த 83,333க்கு 6 வீதம், 5,000. அடுத்த 41,667க்கு 18 வீதம், 7,500. மிஞ்சிய 5,000க்கு 24 வீதம், 1,200. மொத்தம் 13,700 ரூபா. இதையே குறுக்கு வழியில், 280,000இன் 24 வீதத்திலிருந்து 53,500ஐக் கழித்தும் பெறலாம். 8 வீதமான 22,400ஐ முதலில் கழித்துவிட்டு வரி போட்டால் 9,368 வரும். 4,332 ரூபா குறைவு. அந்தக் குறைபாட்டுக்குத் திணைக்களத்திடம் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் தொழில்தருநர். சரியான கணக்கில் அவருடைய தேறிய சம்பளம், முத்திரைத் தீர்வையும் போக, 243,875.

சம்பளம் 150,000ஐத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் வரி விழும் என்று பயந்து சம்பள உயர்வையே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். 151,000 பெறுபவரின் வரி 60 ரூபா. எல்லையைத் தாண்டிய ஆயிரத்துக்கு மட்டுந்தான் 6 வீதம்.

போனஸ் மாதத்தில் பொறுமை வேண்டும். மாதம் 140,000 பெறுபவருக்கு டிசம்பரில் 140,000 போனஸ் கொடுக்கிறீர்கள். அந்த மாதத்தை மட்டும் பார்த்தால் 280,000 ஆகி 13,700 ரூபா வரி என்று வரும். அது தவறு. வருடம் முழுவதும் சேர்த்தால் அவருடைய வருமானம் 1,820,000. நிவாரணத்துக்கு மேல் 20,000தான் வரிக்கு உரியது; 6 வீதம், 1,200 ரூபா. மொத்தமாக ஒருமுறை கொடுக்கும் கொடுப்பனவுகளுக்கு இறைவரித் திணைக்களம் தனி வரி அட்டவணை வைத்திருப்பது இதற்காகத்தான்.

இரண்டு இடத்தில் வேலை செய்பவர் தன் முதன்மை வேலை எது என்று பிரகடனம் கொடுக்க வேண்டும். 150,000 நிவாரணம் அந்த ஓரிடத்தில் மட்டுமே கிடைக்கும். மாலை வகுப்பு எடுக்கும் விரிவுரையாளர்களையும் பகுதிநேரக் கணக்காளர்களையும் வேலைக்கு எடுக்கும்போது முதல் மாதமே இதைக் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

மற்றக் கழிவுகள்

முற்பணம், கடன் தவணை, நலன்புரிச் சங்கப் பணம், தொழிற்சங்கச் சந்தா போன்றவற்றுக்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் கோப்பில் இருக்க வேண்டும். உடைந்த கண்ணாடிக்கும் காசுப்பெட்டியில் குறைந்த பணத்துக்கும் முதலாளி தானாகத் தீர்மானித்துச் சம்பளத்தை வெட்ட முடியாது. சம்மதம் இருந்தாலும் ஒரு மாதத்தில் கழிக்கக்கூடிய மொத்தத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே பெரிய முற்பணத்தைக் கொடுக்கும் நாளிலேயே எத்தனை தவணை என்று எழுதிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

கழிக்கும் ஒழுங்கிலும் ஒரு முறை இருக்கிறது. சேமலாப நிதியும் வரியும் முதலில், நிறுவனத்தின் கடன் கடைசியில். நோ-பே அதிகமான மாதத்தில் தேறிய சம்பளம் எதிர்மறையாக வந்தால், குறைக்க வேண்டியது கடன் தவணையை. சேமலாப நிதியில் கை வைக்கக் கூடாது.

திகதிகள்

மாதச் சம்பளம், மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுபட வேண்டும். வருமான வரி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள். தாமதித்தால் சேமலாப நிதிக்கு மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, தாமதம் நீள நீள 50 வீதம் வரை ஏறும். அதைத் தொழில்தருநரே சுமக்க வேண்டும். சேமலாப நிதிப் பங்களிப்பு விபரங்களை அனுப்பும் சி படிவத்தில் அங்கத்துவ இலக்கமும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் ஓர் எண் பிசகினாலும் பணம் உரியவரின் கணக்கில் சேராமல் தொங்கி நிற்கும். பல வருடம் கழித்து அவர் விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மாதத்தில் இந்த இரண்டு இலக்கங்களையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பணம் அனுப்புவதற்கு முன் கடந்த மாதப் பட்டியலையும் இந்த மாதப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, தேறிய சம்பளம் மாறியவர்களை மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்: ஓ.டி., நோ-பே, சம்பள உயர்வு, கடன் முடிந்தது. காரணம் சொல்ல முடியாத ஒரு வித்தியாசம் இருந்தால் அனுப்ப வேண்டாம். சம்பள உயர்வு பின்திகதியிலிருந்து கொடுக்கப்பட்டால் நிலுவைக்கும் சேமலாப நிதி உண்டு என்பதையும் இந்த இடத்தில் பாருங்கள்.

விலகிச் செல்பவரின் கணக்கு

கடைசி நாள் வரையான சம்பளமும், அதுவரையான ஓ.டி.யும், கடன் மீதியும் ஒரே சிட்டையில் வர வேண்டும். அந்தப் பகுதி மாதத்துக்கும் 8, 12, 3 வழமைபோல் கட்டப்படும். அதன் பிறகு பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். கணக்கிடுவது கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்து. நமது உதாரணத்து ஊழியர் ஏழு வருடம் முடித்து விலகினால் 37,500ஐ ஏழால் பெருக்கி 262,500 ரூபா. அந்த மாதத்தில் இருந்த இரண்டு நாள் நோ-பே இந்தக் கணக்கைக் குறைக்காது; எடுக்க வேண்டியது 75,000, 70,000 அல்ல. விலகி 30 நாளுக்குள் இது கொடுபட வேண்டும். அவர் தானாக விலகினாலும் நிறுவனம் நிறுத்தினாலும் இந்த உரிமை ஒன்றே.

இந்தப் பணம் திடீரென்று ஒரு நாளில் தேவைப்படும் பணம். 75,000 சம்பளத்துக்கு மாதம் 3,125 ரூபா ஒதுக்கினால் வருடத்துக்கு 37,500 சேரும். சம்பளம் கூடும்போது பழைய வருடங்களுக்கான தொகையும் புதிய சம்பளத்தில்தான் கணக்கிடப்படும் என்பதால், உயர்வு கொடுத்த மாதத்தில் ஒதுக்கீட்டையும் பின்னோக்கித் திருத்த வேண்டும்.